ஒன்பது நாள் சரக்கு

ஜூன் 10, செவ்வாய்

மசாலா கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக மேஜைக்குள் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு காரணம் கிடைத்தது.

சனியும் ஞாயிறும் ஊரில் போன் இல்லை. எங்கேயோ கேபிள் அறுந்துவிட்டதாம். போன் இல்லையென்றால் பேச்சுதானே இல்லை என்று நினைத்தேன். ஏடிஎம் நின்றுவிட்டது. ஸ்கேன் பண்ணிக் காசு கட்ட வழியில்லை. பெட்ரோல் பங்கில் கயிறு கட்டிவிட்டார்கள். லோடு எங்கே இறக்குவது என்று கேட்க முடியாமல் லாரிக்காரர்கள் பைபாஸ் ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். வாத்தியார், வக்கீல், பேங்கில் வேலை பார்க்கிறவர் எல்லாம் கையில் விலை உயர்ந்த போனை வைத்துக்கொண்டு கால் கிலோ உளுந்து வாங்க வழியில்லாமல் சங்கரன்கோவில் பஜாரில் நின்றார்கள். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நேற்று எல்லாம் சரியாகிவிட்டது. ஊர் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. சைக்கிளில் உப்பு மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஆரம்பித்து, முப்பத்தாறு வருஷமாகப் பருப்பு, உப்பு, புளி, வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். எவன் குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மேனேஜர் கொம்பையாவை உட்காரவைத்து, வெளியூர் லாரி நின்றுவிட்டால் இந்த ஊர் எத்தனை நாள் தாங்கும் என்று போட்டுப் பார்த்தேன். அரிசி பன்னிரண்டு நாள். எண்ணெய் ஆறு நாள். பால் அரை நாள். பருப்பு ஒன்பது நாள்.

பாலைத் தள்ளிவிட்டால் சராசரி ஒன்பது. இத்தனை கடை, இத்தனை போர்டு, இத்தனை லைட் எல்லாம் ஒன்பது நாள் சரக்கின் மேல் நிற்கிறது.

ஜூன் 12, வியாழன்

முடிவு பண்ணிவிட்டேன். புளியங்குடி மலையடிவாரத்தில் என் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். காவல்காரனுக்குக் கட்டிய இரண்டு அறை வீடு காலியாகக் கிடக்கிறது. அதைத் தயார் செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு, இரண்டு பேருக்கு.

கொம்பையாவிடம் லிஸ்ட் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கேட்டான்: “ரெண்டு பேருக்குன்னா, யாரு யாரு அண்ணாச்சி?”

“ஒரு கணக்குக்குப் போட்டிருக்கேன்.”

“அந்த ரெண்டாவது ஆளு நானா?”

“உனக்கு உன் பொண்டாட்டி புள்ளைய இருக்குல்லா. அரிசிய இறக்குற வழியப் பாரு.”

“சரி அண்ணாச்சி. ரெண்டாவது ஆளுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை போட்டிருக்கீய. நீங்க கருப்புதான் திம்பீய. அதான் கேட்டேன்.”

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். என் மகள் சுகிர்தா அங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மோட்டார் கம்பெனியில் வேலை. பேரன் யு.கே.ஜி. சேர்ந்திருக்கிறான். அவன் பிறந்தபோது பேறுகாலம் பார்க்கப் போன என் மனைவி பொன்கனியும் அங்கேதான் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு என்று போனாள். வருகிற புரட்டாசியோடு ஐந்து வருஷம்.

சண்டை ஒன்றும் இல்லை. பஜாரில் கேட்கிறவர்களுக்கு, “பேரனைப் பாத்துக்கிடுதா” என்று சொல்வேன். அவர்களும் “அது சரிதான” என்பார்கள். பேரன் இப்போது தானே குளித்து, தானே சட்டை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போகிறானாம்.

“அம்மா என்ன மாத்திரை சாப்பிடுதா?” என்று கேட்டேன்.

“எதுக்குப்பா? உங்களுக்குப் பிரஷர் வந்திருக்கா?”

“தெரிஞ்சவரு ஒருத்தருக்கு. அவரு பொண்டாட்டிக்கும் இதே வயசு.”

சுகிர்தா சிரித்த மாதிரி இருந்தது. பேரைச் சொன்னாள், எழுதிக்கொண்டேன். பின்னால் குக்கர் விசில். அதற்குப் பின்னால், “யாரு, அப்பாவா?” என்று ஒரு குரல். “ஆமாம்மா, பேசுறியா?” குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

மாத்திரை ஒரு வருஷத்துக்கு வாங்கிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஜூன் 21, சனி

கிணற்றடியில் கைப்பம்பு வைத்தாகிவிட்டது. கரண்ட் போனாலும் தண்ணீர் வரும். நான்கு அடி அடித்தால் ஒரு குடம்.

கொத்தனாருடன் இன்று வாக்குவாதம். கழிவறையில் நாற்காலி மாதிரி உட்காரும் பீங்கான் வைக்கச் சொன்னேன்.

“ஒலகமே நின்னு போவும்னு சொல்லுதீய. அதுல எதுக்கு அண்ணாச்சி வெஸ்டர்னு?”

“உலகம் நின்னா முட்டுவலி நின்னுருமா?”

“உங்களுக்கு முட்டு வலிக்கா? இப்பத்தான் கிணத்துக்குள்ள எறங்கி ஏறினீய.”

“யாருக்கோ வலிக்கி. நீரு வையும்.”

படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொத்தனார் டேப்பை எடுத்து அளந்துகொண்டார்.

ஜூன் 25, புதன்

மூட்டைகளை மாற்றி அடுக்கினேன். கொம்பையா புதுச் சரக்கை முன்னால் போட்டுவிட்டான். பழையது முன்னால் நிற்க வேண்டும், முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். சரக்கைத் தேங்கவிட்டால் வண்டு விழும். இவனுக்கு இருபது வருஷமாகச் சொல்கிறேன்.

கருப்பட்டி மட்டும் தனி டப்பாவில். எறும்பு ஏறாத மாதிரி தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்திருக்கிறேன். நான் சீனிக் காப்பிதான் குடிப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நான் போன் போட்டபோது அவளே வாங்கிப் பேசினாள். சுகிர்தா சொல்லியிருக்க வேண்டும்.

“என்ன, மலையடிவாரத்துல மாளிகை கட்டுதியளாமே?”

“மாளிகை இல்ல. ஒரு ஏற்பாடு.”

“என்ன ஏற்பாடு?”

ஒன்பது நாள் கணக்கைச் சொன்னேன். போன் நின்ற அந்த இரண்டு நாளைச் சொன்னேன். பெரிய ஊராக இருந்தால் இன்னும் மோசம், கோயம்புத்தூர் நான்கு நாள்கூடத் தாங்காது என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். எப்போதுமே அப்படித்தான். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள், மனுஷன் அதில் கவிழ்ந்துவிடுவான்.

“சரி, நாலாம் நாளு நாங்க என்ன செய்யணும்?”

“நாலாம் நாளு வரைக்கும் இருக்கக் கூடாது. மொத நாளே கெளம்பி இங்க வந்துரணும். இங்க எல்லாம் இருக்கு.”

“எதுல வர? வண்டிதான் ஓடாதுன்னு சொல்லுதியளே.”

“நான் வந்து கூட்டிட்டு வாரேன்.”

“பாஸ் கெடைக்குமா?”

நான் பதில் சொல்வதற்குள் போனைச் சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த வார்த்தையை ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 30, திங்கள்

உப்பு நாற்பது கிலோ கூடுதலாக எடுத்துவைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

வியாபாரிகள் சங்கத் தலைவர் வைகுண்டமணி கடைக்கு வந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வந்தவுடன் காப்பி கேட்கவில்லை என்றால் விஷயம் பெரிது.

“சுயம்பு, நமக்குள்ள என்னவே ஒளிவு மறைவு?”

“என்ன அண்ணாச்சி?”

“தொவரம்பருப்பு ஏறப் போவுதா? உம்ம லாரி வாரம் ரெண்டு நடை புளியங்குடிக்குப் போவுதுன்னு ஊரே பேசுது. எவ்வளவு அடுக்கியிருக்கீரு?”

“வீட்டுக்கு வச்சிருக்கேன்.”

“உம்ம வீட்ல நீரு ஒத்த ஆளு. இட்லி கடையில வாங்கித் திங்கிறவரு. உமக்கு எதுக்குவே எட்டு மூட்டை பருப்பு?”

உள்ளதைச் சொன்னேன். கேபிள், லாரி, ஒன்பது நாள், எல்லாம். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“நல்ல கதை கட்டியிருக்கீரு. நீரு சும்மா எடுத்துவைக்க மாட்டீரு. எனக்குத் தெரியும்.”

போகும்போது ரொம்ப வேகமாகப் போனார்.

ஜூலை 9, புதன்

நான் இதை யோசித்திருக்க வேண்டும். நான் ஒரு சரக்கை மடக்கினால் பஜார் முழுக்க மடக்கும். இது நானே பழக்கிய பழக்கம். வத்தலில் ஒரு தடவை, புளியில் இரண்டு தடவை, நான் எடுத்துவைத்த மறுமாதம் விலை ஏறியிருக்கிறது. எட்டு மூட்டை, எனக்கும் இன்னொரு ஆளுக்கும் ஒரு வருஷச் சாப்பாடு, ரொம்பவே தாராளமாக. இவர்களுக்கு அது ரகசியச் செய்தி. வைகுண்டமணி எழுபது மூட்டை எடுத்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள். கொம்பையாகூட வீட்டில் இரண்டு மூட்டை போட்டிருக்கிறான் என்று கேள்வி.

“ஏம்ல, உனக்குக்கூட நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கப் போய்த்தான அண்ணாச்சி வாங்கிப் போட்டிருக்கேன்.”

ஜூலை 14, திங்கள்

பருப்பு விலை ஏறுகிறது. வெளியூர் வரத்தில் குறையே இல்லை. என்னால் ஏறுகிறது.

ஜூலை 17, வியாழன்

பீடி சுற்றுகிற பொம்பளை ஒருத்தி கடைக்கு வந்தாள். மொத்தக் கடைக்குச் சில்லறைக்கு யாரும் வரமாட்டார்கள். தெருக்கடை நான்கும் கைவிரித்துவிட்டதால் இங்கே வந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி, ஒலகம் அழியப் போவுதாம்லா. உங்க கடையிலதான் சொன்னாவளாம்.”

“அப்படி யாரும் சொல்லலம்மா.”

“சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். அழியறதுக்குள்ள புள்ளையளுக்கு ஒரு சாம்பாரு வச்சிருதேன். கால் கிலோ குடுங்க.”

கொம்பையா சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடைபோடச் சின்னத் தராசு இல்லை. கையால் அள்ளி அவள் முந்தானையில் போட்டேன். கால் கிலோவுக்கு மேலேயே இருக்கும்.

என் ஒன்பது நாள் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. அந்த ஒன்பது நாள் பஜாருக்கு. இவளுக்கு அரை நாள்கூட இல்லை. இவள் வீட்டுச் சரக்கு இவள் முந்தானையில்தான் இருக்கிறது.

ஜூலை 19, சனி

காலையில் இரண்டு லாரி எடுத்துக்கொண்டு புளியங்குடி போனேன். மூட்டைகளை எல்லாம் ஏற்றச் சொன்னேன். கொம்பையா வாசலில் மறித்துக்கொண்டு நின்றான்.

“இன்னும் பத்து நாளு பொறுத்தா உச்சத்துல தள்ளலாம் அண்ணாச்சி. இப்பப் போயி எறக்குதியளே.”

“நான் விக்க வச்சது இல்லைன்னு எத்தனை தடவை சொல்லுதேன்?”

“சரி, விக்க வைக்கல. அப்ப எதுக்கு இப்ப விக்கிறிய?”

தெருக்கடைக்காரர்களை எல்லாம் வரச்சொல்லிப் பழைய விலைக்கே கொடுத்தேன். பஜாரில் என் கடைக்கு நேரே, எல்லோரும் பார்க்கும்படியாக. சாயங்காலத்துக்குள் வைகுண்டமணியின் ஆட்களும் மூட்டையை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுயம்புலிங்கம் இறக்குகிறான் என்றால் விலை விழப்போகிறது என்று அர்த்தமாம். எடுத்துவைத்தபோது நம்பாதவர்கள் இறக்கும்போதும் நம்பவில்லை. ஆனால் இறக்கிவிட்டார்கள். அது போதும்.

வைகுண்டமணி போனில் சொன்னார்: “எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீரே. எதுக்குவே இந்த வேலை?”

ஜூலை 20, ஞாயிறு

தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானம். மலையில் மேகம் கட்டியிருக்கிறது, மழை இல்லை.

அறை வெறுமையாக இருக்கிறது. மூட்டை கிடந்த இடத்தில் சதுரம் சதுரமாகத் தூசி இல்லாத தரை. மிச்சம் இருப்பது இரண்டு கட்டில், மாத்திரை டப்பா, கருப்பட்டி, அந்தப் பீங்கான், சுவரில் கைப்பிடிக் கம்பி. கொம்பையா இவற்றை லாரியில் ஏற்றவில்லை.

எழுத வேண்டியதில்லை என்றதை எழுதுகிறேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

ஊரடங்கு வந்த வருஷம். அப்போதும் உலகம் நின்றுதான் போனது. ரோட்டில் நாய் மட்டும்தான். மாவட்ட எல்லையில் எல்லாம் போலீஸ். எனக்கு அத்தியாவசியப் பொருள் என்று பாஸ் கொடுத்தார்கள், லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டமும் சுற்றினேன். என் வாழ்க்கையில் அந்த மாதிரி மதிப்பு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். ஊருக்குப் பருப்பு கொடுக்கிறவன் நான் என்று ஒரு கித்தாப்பு.

இரண்டாம் மாதத்தில் ஒரு காலையில் திசையன்விளையிலிருந்து போன். பொன்கனியின் தம்பி தர்மக்கண் போய்விட்டான். நெஞ்சுவலி, முப்பத்தொன்பது வயது. தாய் இல்லாத பையனை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். சாயங்காலம் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது, நேரம் கடத்தக்கூடாது.

என் லாரி வாசலில் நின்றது. லோடு ஏற்றியாயிற்று, தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். அவள் புடவைகூட மாற்றாமல் வந்து நின்றாள்.

“உங்க லாரியில கூட்டிட்டுப் போங்க. மூட்டை மேல உக்காந்துக்கிடுதேன். படுதா போட்டு மூடிருங்க. யாரு கேக்கப் போறா.”

நான் சொன்னேன்: “பாஸ் சரக்குக்குத்தான், ஆளுக்கு இல்ல. எல்லையில பிடிச்சான்னா பாஸையே கிழிச்சிருவான். அப்புறம் ஊருக்கே பருப்பு இருக்காது. சாவுக்குன்னு தனிப் பாஸ் எழுதிப் போடுதேன்.”

எழுதிப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்தது.

அவள் அழவில்லை. உள்ளே போய் வேலையைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள். புரட்டாசியில் சுகிர்தாவுக்கு ஒன்பதாம் மாதம். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகச் சொன்னது, “கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கு, நாளைக்கு வரும்.”

இதுதான். சொன்னது பொய்யும் இல்லை. பிடித்திருந்தால் பாஸ் போயிருக்கும். ஆனால் பிடித்திருப்பார்களா? சல்யூட் அடித்த அந்த மனுஷனா பிடித்திருப்பான்?

இந்தத் தடவை உலகம் நின்றால் முதல் வேலையாக அவளைப் போய்க் கூட்டிவருவேன் என்று நினைத்திருந்தேன். எந்தப் பாஸும் இல்லாமல். நின்று தொலைத்தால் நல்லது என்றுகூட ஒருநாள் தோன்றியது. அதையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அவளே எடுத்தாள். பருப்பு விலை இறங்கிவிட்டது என்று சொன்னேன். இங்கே ஏறவே இல்லையே என்றாள். வைத்துவிட்டோம்.

ஜூலை 30, புதன்

இன்றும் போன் போட்டேன். சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று திசையன்விளை போய்வந்தேன்.

கார் இருக்கிறது. ஆனாலும் லாரியில்தான் போனேன், டிரைவரை விட்டுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு. ஆறு மணிக்கு எங்கள் வாசலில் புறப்பட்டேன். எட்டு நாற்பதுக்கு தர்மக்கண் வீட்டு வாசல். வழியில் ஒரு இடத்தில்கூட யாரும் கையைக் காட்டி நிறுத்தவில்லை.

அவன் மனைவி சொர்ணம் கோலத்தை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து நின்றாள். ஐந்து வருஷத்தில் தலை பாதி நரைத்துவிட்டது. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.

“வாங்கண்ணே. மதினி வரலியா?” என்றாள், நான் ஏதோ மாதம் ஒருதரம் வந்துபோகிறவன் மாதிரி.

லாரியிலிருந்து அரிசி, பருப்பு, புளி எல்லாம் இறக்கினேன். வாசலில் அடுக்கினேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான். அவள் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“இதெல்லாம் இங்கயும் கடையில கெடைக்குண்ணே.”

கையில் இருந்த மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உள்ளே தர்மக்கண் படம். அதன் முன்னால் நின்றேன். அவன் கல்யாணத்தில் என் கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு திருப்பித் தராமல் சுற்றிய பயல். சொர்ணம் டீ கொண்டுவந்தாள்.

“அன்னைக்கு நாங்க நாலரை வரைக்கும் வச்சிருந்தோம்ணே. மதினி எப்படியும் வந்துருவாவ, அண்ணன்ட்ட பாஸ் இருக்குன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேன். போலீஸ்காரரு வந்து சத்தம் போட்ட பொறவுதான் எடுத்தாவ.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். டீ ஆறிவிட்டது, குடித்தேன்.

“எனக்குப் பயம்மா,” என்றேன். “பாஸ் போயிருமோன்னு பயந்துட்டேன்.”

“தெரியும்ணே,” என்றாள். “மதினிக்கும் தெரியும்.”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் கடையில் இருக்கும்போது போன் வந்தது. அவள்தான். ஐந்து வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

“சொர்ணம் சொன்னா.”

“ஆமா. போயிருந்தேன்.”

“எதுல போனீய?”

“லாரியில.”

கடையில் மூட்டை இறக்குகிற சத்தம். நான் வெளியே தெருவுக்கு வந்துவிட்டேன்.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டு மணி நாப்பது நிமிஷம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ரோடு காலியா இருந்தா இன்னும் கொறச்சலா இருக்கும்.” பிறகு சொன்னேன்: “அன்னைக்கு ரோடு காலியாத்தான் இருந்துச்சு.”

அவள் அழுகிற சத்தத்தை நான் கேட்டது கிடையாது. நாற்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் கேட்டேன். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பக்கத்துப் புளிக்கடை வாசலில் வெயிலில் நின்றேன். வைகுண்டமணி ஸ்கூட்டரில் போனவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

போன் இல்லை. கேபிள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கொம்பையா கேட்டான், தோட்டத்து வீட்டை மறுபடி நிரப்ப வேண்டுமா என்று. கொஞ்சமாக வைக்கச் சொன்னேன். லாரி நிற்காது என்று நான் நம்பவில்லை. என்றைக்காவது நிற்கும். ஆனால் அதற்காகக் காத்திருக்கிற ஆசை போய்விட்டது.

“எத்தனை பேருக்கு அண்ணாச்சி?”

“உன் வீட்டையும் சேத்துப் போடு.”

சந்தோஷப்பட்டானா பயந்தானா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுகிர்தாவிடம் பேசினேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றாள். வழக்கமாகச் சாயங்காலம்தான் போவாள். இப்போது காலை பத்து மணி. “சரிம்மா” என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேசினாள். நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“காலாண்டு லீவுக்கு சம்பந்தியம்மா வாராவளாம். நாலு நாளு இருப்பாவ. அவிய எங்க படுப்பாவ, என் ரூமுலதான் படுக்கணும். எனக்கு எடமில்ல.”

“ஆமா, எடம் பத்தாதுதான்.”

“அதான், நாலு நாளு அங்க வந்துட்டுப் போவலாம்னு. உங்களுக்கு ஒண்ணும் எடைஞ்சல் இல்லியே?”

“எனக்கென்ன எடைஞ்சல்.”

“நாலே நாளுதான். லீவு முடிஞ்ச அன்னைக்கு நான் இங்க இருக்கணும். புள்ள ஸ்கூலுக்குப் போணும்.”

“சரி.”

“மலையடிவாரத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். வீட்லதான் இருப்பேன்.”

“சரி. வீடுதான்.”

சம்பந்தியம்மா இந்த ஐந்து வருஷத்தில் ஆறு தடவை வந்துபோயிருக்கிறார், எனக்குத் தெரிந்து. அப்போதெல்லாம் அவர் எங்கே படுத்தார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ் வருகிறது. சொர்ணத்தையும் ஒருநாள் வரச்சொல்லலாமா என்று கேட்டிருக்கிறேன், பொன்கனி வந்து சொல்கிறேன் என்றாள்.

காலையில் வீட்டை ஆள் வைத்துக் கழுவினேன். பிறகு லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்கு இரண்டு பேருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், எத்தனை கிலோ, எந்த டப்பா, எது முன்னால், எது பின்னால். நாலு நாளைக்கு ஒருத்திக்கு என்ன வாங்கிவைப்பது என்று தெரியவில்லை. அரிசி என்று எழுதினேன், அடித்தேன். பருப்பு என்று எழுதினேன், அடித்தேன். அவை இருக்கின்றன. அவற்றுக்காகவா ஒருத்தி இவ்வளவு தூரம் வருவாள்?

கொம்பையாவைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

“மதினி வெண்டைக்காய்ப் பச்சடி நல்லா சாப்பிடுவாவ. நீங்க கடையில இருக்கையில எனக்கு ஒருநாள் போட்டாவ.”

“எனக்குப் போட்டதில்லையே.”

“நீங்க என்னைக்கு அண்ணாச்சி மத்தியானம் வீட்டுக்குப் போனீய?”

வெண்டைக்காய். இரண்டாம் நாளே முற்றிப்போகும். நான் ஒருநாளும் அப்படி ஒரு பொருளை வாங்கி விற்றதில்லை. அழுகுகிற சரக்கு நமக்கு ஆகாது என்று தள்ளியே நின்றவன். நல்ல வெண்டைக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்றுகூடத் தெரியாது. நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டுமாம், கொம்பையா சொன்னான்.

இப்போது மணி ஐந்து. காய்கறிச் சந்தை ஆறு வரைக்கும் இருக்குமாம். பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன்.